அப்பாவின் பெட்டியில் பழைய பங்குப் பத்திரங்கள்: நாமே மாற்ற முடியுமா?

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அப்பா 2014-இல் தவறிவிட்டார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. நிலப் பத்திரம், சொசைட்டிக் கடன் ரசீதுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நாலு பங்குச் சான்றிதழ்கள்.

ஒன்றில் 'தி கும்பகோணம் சிட்டி யூனியன் பாங்க் லிமிடெட்' என்று இருக்கிறது. இப்போதுள்ள சிட்டி யூனியன் வங்கிதானா, வேறா? இரண்டாவது சென்னையில் உள்ள ஒரு பெரிய கம்பெனியுடையது, அப்பா பெயரில். மூன்றாவதும் அதே கம்பெனிதான், ஆனால் பெயர் யாரோ முன்பின் தெரியாதவருடையது. அதோடு நீளமாக ஒரு படிவம் குண்டூசி குத்தி இருக்கிறது, பின்பக்கம் ஸ்டாம்புகள் ஒட்டியிருக்கின்றன. நாலாவது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. இணையத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை.

கும்பகோணத்தில் ஒருவர் 'ஒரிஜினலை எல்லாம் கொடுங்கள், முப்பது சதவீதம் கமிஷன், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். தம்பி சிங்கப்பூரில், அவனுக்கு இதில் அக்கறையே இல்லை. நாமினி யாரையும் போட்ட மாதிரி தெரியவில்லை. இதை நாமே செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

மன்னை_83 எழுதியது:

அக்கா, முதல் காரியம்: ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யவும் வேண்டாம், நிறையப் பேர் பத்திரமாக இருக்கட்டும் என்று அதைச் செய்துவிடுகிறார்கள்.

நான் டிமேட் கணக்கு (பங்கைக் காகிதமாக இல்லாமல் மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) திறக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். காகிதமாக இருக்கும் பங்கை இன்று அப்படியே கைமாற்ற முடியாது. 2019 ஏப்ரல் 1 முதல், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அதை நிறுத்திவிட்டது. இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு மாற்றுவது மட்டும் அப்போதும் இப்போதும் உண்டு. ஆனால் 2022 ஜனவரிக்குப் பிறகு அதற்கும் புதுக் காகிதம் அச்சடித்துத் தரமாட்டார்கள், டிமேட் கணக்கில்தான் ஏறும். அதனால் அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ ஒரு டிமேட் கணக்கு திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை இங்கே பெரியவர்கள் யாராவது சொல்வார்கள்.

டபீர்தெரு எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்தில் பங்கு வாங்கி விற்றுத் தரும் ஒரு சப்-புரோக்கரிடம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்லும் மூன்றாவது சான்றிதழ் மாதிரி கட்டுக் கட்டாக என் கையில் வந்து போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பங்கில் உங்கள் உரிமை என்பது அந்தக் கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான். நம் ஊரில் நிலத்துக்குக் கிரயப் பத்திரம் பெட்டியில் இருந்தும் பட்டா வேறு பெயரில் கிடந்து, பயிர்க்கடனுக்குப் போகும்போது முழிப்பார்களே, அதே சங்கதி. பதிவேட்டைக் கம்பெனிக்காக வைத்துப் பராமரிப்பவர் ஆர்டிஏ என்னும் பதிவாளர். உங்களிடம் கேட்கப்போகும் ஒவ்வொரு காகிதமும் அந்தப் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவதற்கான ஆதாரம்தான். அந்த முப்பது சதவீத ஆளிடம் இதற்கு மேல் எந்த மந்திரமும் கிடையாது. அவரும் இதே பதிவாளருக்குத்தான் தபால் போடப்போகிறார்.

முதல் சான்றிதழ். அது இன்றைய சிட்டி யூனியன் வங்கியேதான். 1904-இல் கும்பகோணம் பாங்க் என்று ஆரம்பித்தார்கள். 1957-இல் காமன்வெல்த் பாங்க் என்ற ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1965-இல் சிட்டி ஃபார்வர்ட் பாங்க், யூனியன் பாங்க் என்ற இரண்டும் வந்து சேர்ந்தன. அந்த இரண்டின் பெயரும் ஒட்டிக்கொண்டுதான் 'கும்பகோணம் சிட்டி யூனியன்' ஆனது. 1987-இல் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டார்கள், தலைமையிடம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆக உங்கள் காகிதம் 1987-க்கு முந்தையது. கம்பெனி பெயர் மாறினாலும் உறுப்பினர் உரிமை மாறாது. அதில் அச்சடித்திருக்கும் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்புறம் எத்தனை தடவை போனஸாக இலவசப் பங்கு கொடுத்தார்களோ, எத்தனை தடவை ஒரு பங்கைப் பலவாகப் பிரித்தார்களோ, இன்றைக்கு அந்த வங்கியின் பங்கு ஒரு ரூபாய் முகமதிப்பு. சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணை (பதிவேட்டில் அப்பாவின் கணக்கு எண்) குறிப்பிட்டுப் பதிவாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் இன்று எத்தனை பங்கு, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்வார்கள்.

'எங்கே' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பா 2014-இல் போனார் என்கிறீர்கள். அவருக்கு வந்த டிவிடெண்டை (லாபத்தில் பங்குதாரருக்குக் கம்பெனி தரும் பணம்) யாரும் வங்கியில் போட்டிருக்கமாட்டீர்கள். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால், அந்தப் பணத்தோடு பங்கையும் சேர்த்து ஐஇபிஎஃப் என்ற மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்று 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. மாற்றுவதற்கு மூன்று மாதம் முன்பு கடிதம் போடுவார்கள், தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வரும். கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும், விளம்பரத்தை யார் படிக்கிறார்கள்? பயப்பட வேண்டாம், போனது போனதல்ல. கேட்டு வாங்கலாம், கட்டணம் கிடையாது. ஐஇபிஎஃப் இணையதளத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தேடலாம். கம்பெனி இணையதளத்திலும் பட்டியல் இருக்கும்.

அப்படிப் போயிருந்தால் வரிசை முக்கியம். முதலில் கம்பெனியிடம் வாரிசு ஆவணங்களைக் கொடுத்து 'என்டைட்டில்மெண்ட் லெட்டர்', அதாவது இந்தப் பங்கு உங்களுக்கு உரியது என்ற கடிதம், வாங்க வேண்டும். அதன் பிறகுதான் ஐஇபிஎஃப்-5 படிவத்தை இணையத்தில் போட்டு, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, மற்ற காகிதங்களோடு கம்பெனியில் இதைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புவது. ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டில் ஒரே விண்ணப்பம்தான், அதனால் பங்கு, டிவிடெண்ட் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அவசரப்பட்டு முதலில் படிவத்தைப் போட்டுவிட்டு அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் மூன்றாவது சான்றிதழுக்கு வருகிறேன். இதுதான் சுவாரசியமானது, சிக்கலும் இதில்தான்.

குண்டூசியில் நிற்பது டிரான்ஸ்ஃபர் டீட், பங்கைப் பெயர் மாற்றுவதற்கான பத்திரம். அந்தக் காலத்தில் பங்கு விற்கிறவர் இதில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழோடு புரோக்கரிடம் கொடுப்பார். வாங்குகிறவர் இடம் காலியாகவே இருக்கும். காலியாக இருக்கும்வரை அது கை மாறிக்கொண்டே போகலாம். மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் (2015-இல் அதை மூடியே விட்டார்கள்) நடந்த வியாபாரத்தின் காகிதம் ரெஜிஸ்டர்டு தபாலில் எங்களுக்கு வந்து, நாங்கள் அதை வாங்கியவர் கையில் சேர்ப்போம். அவர் தன் பெயரை நிரப்பி, ஸ்டாம்பு ஒட்டி, கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் பதிவேட்டில் பெயர் மாறும். பலபேர் 'காகிதம் நம்மிடம் இருக்கிறதே' என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

இப்போது அந்த டீடை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மேலே கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தின் (இது அரசு அலுவலகம், நான் மேலே சொன்ன ஆர்டிஏ இல்லை) முத்திரையும் தேதியும் இருக்கும். லிஸ்ட் ஆன, அதாவது சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் அந்தத் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம், அல்லது கம்பெனி பெயர் மாற்றங்களை நிறுத்தி அடுத்துப் பதிவேட்டை மூடும் நாள், இரண்டில் எது பின்னதோ அதுவரைதான் டீடுக்கு உயிர். நடுவில் விற்றவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து. கீழே வாங்குகிறவர் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறதா, வெறுமையா? பின்பக்க ஸ்டாம்புகளின் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்திருக்கிறார்களா? உறைக்குள் கம்பெனியிடமிருந்து 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்ற மாதிரி மறுப்புக் கடிதம் ஏதாவது கிடக்கிறதா?

கட்டம் வெறுமையாக இருந்தால், கம்பெனியைப் பொறுத்தவரை அப்பா அந்தப் பங்கை வாங்கவே இல்லை. இத்தனை வருட டிவிடெண்டும் போனஸும் விற்றவர் பெயருக்கே போயிருக்கும். மறுப்புக் கடிதம் இருந்தால் நிலைமை வேறு, அப்பா அனுப்பித்தான் திரும்பி வந்திருக்கிறது. 2019 ஏப்ரலுக்கு முன் அனுப்பிக் குறையோடு திரும்பி வந்த டீடுகளை மறுபடி கொடுக்கவென்றே செபி 2025 ஜூலை 7 முதல் 2026 ஜனவரி 6 வரை ஒரு தனி வாய்ப்புக் கொடுத்தது. அதனால் அந்தக் கடிதம் ஒரு துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இன்றைய தேதியில் என்ன வழி என்று பதிவாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள். எதற்கும் இந்த ஒன்றைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற மூன்றையும் இதோடு சேர்த்துக் கட்டினால் எல்லாமே நிற்கும்.

என்னைக் கேட்டால் 1996-இல் டெபாசிட்டரிச் சட்டமும், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரியான என்.எஸ்.டி.எல்.லும் வந்தது, கம்ப்யூட்டரில் வியாபாரம் வந்ததைவிடப் பெரிய காரியம். கம்ப்யூட்டர் வந்து விலை வேகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கையெழுத்து வித்தியாசம், கிழிந்த காகிதம், திருட்டுச் சான்றிதழ் என்று 'பேட் டெலிவரி' திரும்பி வந்து, வாங்கியவர் எங்கள் வாசலில் நின்று கத்துவது டெபாசிட்டரி வந்த பிறகுதான் ஒழிந்தது. அப்போது பதினாலு நாள் வியாபாரத்தைச் சேர்த்துத்தான் கணக்கு முடிப்பார்கள், அதற்குப் பிறகும் காகிதம் எப்போது வரும் என்று தெரியாது. இப்போது விற்ற மறுவேலைநாளே கணக்கு முடிகிறது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் அப்படித்தான். நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நின்று இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பேற்கிறது. எதிராளி யார் என்றே உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வாரிசு விஷயம். பாபநாசம் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா? இல்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். அப்பா போனபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதை நிறையக் குடும்பங்களில் மறந்துவிடுவார்கள், அப்புறம் சித்தப்பா வந்து நிற்பார். நாமினி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பெயருக்கு மாற்ற, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், நோட்டரி முன் ஈட்டுறுதிப் பத்திரமும் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் நஷ்டத்தை நாங்கள் ஏற்போம் என்பது) வேண்டும். ஒரு கம்பெனியில் காகிதப் பங்கின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் ஆவணங்கள் எளிது என்று 2022-இல் செபி வைத்தது. உங்கள் தம்பி ஆட்சேபணையில்லாக் கடிதத்துக்காக ஊருக்கு வர வேண்டாம். சிங்கப்பூரிலேயே இந்திய ஹைகமிஷனில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம்.

வெண்ணாறு எழுதியது:

பெரியவர் சொன்னதெல்லாம் சரி. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். பெட்டியில் கிடைப்பதெல்லாம் புதையல் என்று நினைத்துக்கொண்டு அலையக் கூடாது. அந்த நூற்பாலை கலைக்கப்பட்டிருந்தால் காகிதத்துக்கு மதிப்பு இருக்காது. கம்பெனி மூழ்கினால் முதலில் கடன் கொடுத்தவர்கள், கடைசியில்தான் பங்குதாரர், அவர் முறை வரும்போது பெரும்பாலும் பானை காலி.

வங்கிக்கும் இதே கதைதான். லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் கரூரில் ஆரம்பித்த வங்கி. எங்கள் பக்கத்தில் கடைக்காரர்கள் அதில் டெபாசிட்டும் வைத்திருந்தார்கள், பங்கும் வைத்திருந்தார்கள். 2020 நவம்பரில் கொஞ்ச நாள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27-இல் டிபிஎஸ் பாங்க் இந்தியாவோடு சேர்த்தார்கள். டெபாசிட் முழுசாகக் கிடைத்தது. பங்கு மூலதனம் மொத்தமும் எழுதித் தள்ளப்பட்டது, பங்குதாரருக்கு ஒரு பைசா இல்லை. ஒரே வங்கி, ஒரே கவுண்டர்தான். டெபாசிட்காரர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், பங்குக்காரர் வங்கியின் பங்காளி. பலருக்கு அன்றைக்குத்தான் அந்த வித்தியாசம் உறைத்தது.

நூற்பாலை விஷயத்தில், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். செயல்படுகிறது, கலைக்கப்பட்டது, இன்னொன்றோடு இணைந்தது என்று நிலை காட்டும். இணைந்திருந்தால் மட்டும் மேற்கொண்டு பாருங்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

குடமுருட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீடைப் பார்த்தேன் ஐயா. மேலே முத்திரை மங்கலாக 1994 என்று இருக்கிறது. வாங்குகிறவர் கட்டம் வெறுமை. மறுப்புக் கடிதம் எதுவும் இல்லை. அப்பா அனுப்பவே இல்லை போலிருக்கிறது. பாட்டி அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்.

வங்கியின் பதிவாளருக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் வந்துவிட்டது. பங்குகள் ஐஇபிஎஃப்-க்குப் போய்விட்டன என்கிறார்கள், என்னென்ன அனுப்ப வேண்டும் என்று பட்டியலும் வந்திருக்கிறது. இரண்டு இடத்தில் இடிக்கிறது. சான்றிதழில் அப்பா பெயர் ஒரே ஒரு இனிஷியலோடு இருக்கிறது. பான் கார்டில் தாத்தா பெயர் முழுதாக விரிந்து, அப்பா பெயருக்கு முன்னால் நிற்கிறது. இறப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் வந்திருக்கிறது. மூன்றும் மூன்று ஆள் மாதிரி இருக்கிறது!

அடுத்தது, அம்மாவின் கையெழுத்தை வங்கி மேலாளர் சான்றளிக்க வேண்டுமாம். அம்மா கணக்கு வைத்திருக்கும் கிளையில் 'இப்படி ஒரு படிவத்தை நாங்கள் பார்த்ததே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் கையெழுத்தும் சில காகிதங்களில் ஆங்கிலத்தில், சிலவற்றில் தமிழில் இருக்கிறது. அதுவும் பிரச்சினை ஆகுமா?

டபீர்தெரு எழுதியது:

அப்பா கையெழுத்தைப் பற்றிக் கவலையை விடுங்கள். உயிரோடு இருப்பவர் கையெழுத்திட்டுக் கேட்கும்போதுதான் பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். வாரிசு மாற்றத்தில் இறந்தவர் கையெழுத்துக்கு வேலை இல்லை, கேட்கிறவரின் அடையாளத்தைத்தான் பார்ப்பார்கள்.

இனிஷியல் தகராறு தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே எழுதி வைத்தது. இந்தப் படிவங்களையெல்லாம் வகுத்தவர்கள் குடும்பப் பெயர் உள்ள ஊர்க்காரர்கள். நமக்கு அப்பா பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும், பின்னால் நிற்கும், பான் கார்டில் திடீரென்று விரியும். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று அம்மா பெயரில் ஒரு உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி வைத்துப் போடுங்கள். அதில் மூன்று ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வரவேண்டும், புள்ளி உட்பட. பழைய விலாசமும் பெயரும் சேர்ந்து உள்ள ரேஷன் கார்டோ, வங்கிப் பாஸ்புத்தகமோ இருந்தால் இணையுங்கள். கும்பகோணத்தில் டைப் அடிக்கும் கடைகளில் இதற்கு மாதிரி வைத்திருப்பார்கள், ஆனால் கம்பெனி பெயரையும் ஃபோலியோவையும் அவர்கள் தப்பாக அடிப்பார்கள். பக்கத்தில் நின்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கிளை மேலாளரிடம் நீங்கள் நீட்டியது ஐ.எஸ்.ஆர்-2 என்ற கையெழுத்துச் சான்றுப் படிவமாக இருக்கும். அவர் அதில் பங்குக்கு ஒன்றும் ஜாமீன் நிற்கவில்லை. அம்மாவின் கணக்கு இங்கே இருக்கிறது, கையெழுத்து எங்கள் பதிவோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் எழுதி, பெயர், பணி எண், முத்திரை வைக்கிறார். அதைப் புரியவைத்தால் பாதிப்பேர் போட்டுவிடுவார்கள். செபி சுற்றறிக்கையில் இந்தப் படிவம் உள்ள பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாதத்தின் நடுவில் ஒரு நாள் போங்கள். ஒன்றாம் தேதி பென்ஷன் கூட்டத்தில் போய் நின்றால் யாருக்கும் காது கேட்காது. அப்படியும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

1994 டீட்... வருத்தமாக இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டர்டு தபால் செலவில் முடிந்திருக்கும். பதிவாளரிடம் கேட்டுப் பாருங்கள், விற்றவரோ அவர் வாரிசுகளோ கிடைத்து ஒத்துழைத்தால் ஒழிய எனக்கு வழி தெரியவில்லை. அந்தச் சென்னைக் கம்பெனியில் அப்பா பெயரிலேயே உள்ள இரண்டாவது சான்றிதழைத் தனி விண்ணப்பமாகப் போடுங்கள்.

மன்னை_83 எழுதியது:

அக்கா, வரி பற்றி யாரும் சொல்லவில்லை. வாரிசாக வந்ததற்கு வரி இல்லை, விற்கும்போதுதான். அப்பா வாங்கிய நாளிலிருந்தே காலம் கணக்காகும், அதனால் நீண்டகால லாபம். லிஸ்ட் ஆன பங்கைச் சந்தையில் விற்றால் வருடத்தில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு விலக்கு, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். 2018 ஜனவரி 31 வரை ஏறிய ஏற்றத்துக்கு வரி வராதபடி அன்றைய விலையை வைத்துக் கணக்குப் போடலாம். அப்பா எவ்வளவுக்கு வாங்கினார் என்று ரசீது தேடி அலைய வேண்டியதில்லை. மொத்தமாக ஒரே வருடத்தில் விற்காமல் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரித்தால் விலக்கு இரண்டு தடவை கிடைக்கும்.

டிமேட் கணக்கு அம்மா பெயரில் என்றால் திறக்கும்போதே நாமினி போட்டுவிடுங்கள். நாமினி என்றால் பங்கு அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. மற்ற வாரிசுகளின் உரிமை அப்படியே நிற்கும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பங்கு சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர நாமினி வேண்டும்.

இன்னொன்று, ஸ்கேன் படத்தை இங்கே போடலாமா என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். போடவே போடாதீர்கள். ஃபோலியோ எண்ணும் அப்பா பெயரும் கிடைத்தால் அந்த முப்பது சதவீத ஆள் மாதிரி இன்னும் பத்துப் பேர் உங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வருவார்கள்.